ஹ

மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே
பதினாறு படி.
பதினொன்றாவது உடைந்தது.
புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவிடுவோம்.
சொல்லாமலே தாண்டி வருகிறவர் ஒருவர்தான்:
தனிப்பிரிவு ஏட்டு மாதேசன்.

கோட்டை மக்கள் உரிமைக் குழு.
பலகை எழுத எழுத்துக்கு எழுபது ரூபாய் கேட்டான் என்று
'மக்களை' எடுத்துவிடலாமா என்றார்
பொருளாளர் கௌஸ் மொய்தீன்.
அரை மணி நேரம் பேசி
மக்களை வைத்துக்கொண்டோம்.

ஜன்னலைத் திறந்தால் திருமணிமுத்தாற்று வாடை.
சாத்தி வைத்தால்
ரகசியம் பேசுகிறார்கள் என்கிறது தெரு.

செவ்வாய்தோறும் கூட்டம்.
ஐந்து ரோட்டில் வீடு கேட்கப்போன மெஹ்தாபிடம்
பெயரைக் கேட்டபிறகு
'நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்' என்றவர் வாசலில்
இன்னும் தொங்கும் டு-லெட் அட்டையின் போட்டோ.
விசாரிக்கக் கூட்டிப்போய்
நான்காம் நாள்
'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்ற சீட்டோடு
கிச்சிப்பாளையத்துக்குத் திரும்பிய பையன்.
வலது கை தோளுக்கு மேலே எழவில்லை.
பட்டியலிலிருந்து நீக்கிய நூற்றுப் பதினான்கு பெயர்.
காரணம்: இடம்பெயர்ந்தார்.
இடம்பெயர்ந்தவர்களில் இரண்டு பேர்
அன்று காலை எனக்கு முன்னால் நின்று
பால் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் கதை சின்னது.
அத்தா வைத்த பெயர் ஹஃப்ஸா.
ரேஷன் கார்டில் அப்சா.
காஸ் புத்தகத்தில் ஹம்சா.
வாக்காளர் பட்டியலில் கப்சா.
சாவடியில் சத்தமாக வாசித்தார்கள்.
வரிசையே சிரித்தது.
நானும்தான் சிரித்தேன்.
சிரித்துவிட்டு அன்று சாயங்காலம்
இந்தப் படிகளில் ஏறினேன்.

மாதேசன் ஓரமாக உட்காருவார்.
தட்டுவடை செட் நீட்டினால் மறுக்கமாட்டார்,
காசை மேசைமேல் வைத்துவிடுவார்.
வந்தவர்கள் பதினேழு பேர் என்றால்
'நாப்பதுன்னு போட்டுக்கட்டுங்களா, மேல நம்பமாட்டாங்க' என்பார்.
'போடுங்க' என்பார் கௌஸ் மொய்தீன்,
கொஞ்சம் பெருமையாகவே.

முதல் நாள் என் பெயர் கேட்டார்.
சொன்னேன்.
பேனா நின்றது.
'ஹ-வா, க-வாம்மா?
நடுவுல ஆய்தம் வருங்களா?'
முப்பத்துநாலு வருடத்தில்
எந்த ஆபீசும் என்னைக் கேட்காத கேள்வி.
வரும் என்றேன்.
அடுப்புக்கல் கூட்டுவதுபோல்
மூன்று புள்ளியையும் நிதானமாக வைத்தார்.
அத்தா பெயர், கதவு எண், சந்து,
மாடியா கீழா,
எத்தனை வருடமாக அங்கே,
எல்லாம் பிழையில்லாமல்.

ஆறாவது திங்கட்கிழமை
கலெக்டர் ஆபீஸ் மனு நாளில்
ஆறாவது மனுவும் திரும்பியது:
உரிய சான்று இணைக்கவும்.
மறுநாள் கௌஸ் மொய்தீன்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்,
'நம்ம பேரும் விலாசமும் சரியா இருக்கற
கவர்மெண்டு காகிதம் ஒண்ணு இருக்கே.'
எல்லோரும் ஓரத்தைப் பார்த்தோம்.
மாதேசன் எழுதுவதை நிறுத்தினார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன்,
பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி:
செவ்வாய்தோறும் எங்களைப் பற்றி எழுதிய
குறிப்புகளின் நகல் வேண்டும்.

முப்பதாம் நாள் பதில்.
'அவ்வாறான குறிப்பு எதுவும்
இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.'
உறையைத் திருப்பினேன்.
பெறுநர்: ஹஃப்ஸா.
கதவு எண். சந்து. மாடி.
மூன்று புள்ளியும்
அதே கை.

ஏழாவது மனுவில்
அந்த உறையை இணைத்தோம்.

அடுத்த செவ்வாய் மாதேசன் வரவில்லை.
மேட்டூருக்கு மாற்றிவிட்டார்களாம்.
புதியவர் ஒருவர் வந்தார்.
சொல்ல மறந்துவிட்டோம்.
பதினொன்றாவது படியில் விழுந்தார்,
நிஜமாகவே வழுக்கி.
ஓடிப்போய்த் தூக்கினோம்.